நோயும் பூச்சியும்: வீட்டில் வாசிக்க மூன்று நூல்கள்

மழைக்காலம் வந்தால் நம் மஹல்லாக்களில் டெங்கு பற்றிய பேச்சும் வந்துவிடுகிறது. வாட்ஸ்அப்பில் குவியும் மருத்துவக் குறிப்புகளை நமக்கு முன்பே நம் பிள்ளைகள் படித்துவிடுகின்றனர். அவற்றினும் மேலானவற்றை அவர்கள் கையில் கொடுக்க விரும்பி, மூன்று ஆங்கில நூல்களைப் பரிந்துரைக்கிறோம்.

முதலாவது, ஸ்டீவன் ஜான்சனின் ‘தி கோஸ்ட் மேப்’ (2006). 1854-இல் லண்டனின் பிராட் தெருவைச் சுற்றி 600-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட காலராவின் வரலாறு இது. கெட்ட காற்றே நோயைப் பரப்புகிறது என்று பெரும்பாலோர் நம்பிய காலத்தில், குடிநீரே காரணம் என்றார் மருத்துவர் ஜான் ஸ்னோ. எங்களை அதிகம் ஈர்த்தவர் அவரல்லர். அப்பகுதித் தேவாலயத்தின் இளம் துணைப் பாதிரியார் ஹென்றி வைட்ஹெட். ஸ்னோவின் கருத்தை ஏற்காத அவர், வீடு வீடாகச் சென்று விசாரித்தார். மக்களுக்கு நன்கு அறிமுகமானவர் என்பதால், யார் எந்தத் தண்ணீரைக் குடித்தனர் என்பதை அவரால் கேட்டறிய முடிந்தது. சான்றுகள் ஸ்னோவின் பக்கம் நின்றபோது அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். நோயுற்ற கைக்குழந்தை ஒன்றின் துணிகளை அலசிய நீர், கிணற்றை ஒட்டிய கழிவுக்குழியில் கொட்டப்பட்டதைக் கண்டறிந்தவரும் அவரே. பள்ளிவாசல் இமாம்களும் நிர்வாகிகளும் அவசியம் படிக்க வேண்டிய பகுதி இது. நகரங்களின் எதிர்காலம் பற்றிய இறுதிப் பக்கங்களைத் தாண்டிச் சென்றாலும் இழப்பில்லை.

அடுத்தது, பால் டி க்ரூய்ஃபின் ‘மைக்ரோப் ஹண்டர்ஸ்’ (1926). கதைபோல் விரையும் நடை. ஆயினும் பிற இனத்தாரை இகழும் சொற்கள் ஆங்காங்கே உண்டு. ஆதலால் பெற்றோரும் உடன் அமர்ந்து படிப்பது நலம். மலேரியாவை ஆராய்ந்த ரொனால்ட் ராஸ் இதில் வருகிறார். 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில், ஹுசைன் கான் என்னும் நோயாளி, கடிக்கும் கொசு ஒன்றுக்கு ஓர் அணா பெற்று ராஸின் ஆய்வுக்குத் தம் உடலைக் கொடுத்தார். அவருடைய இரத்தத்தைக் குடித்த கொசுவின் வயிற்றில்தான் ஆகஸ்ட் 20 அன்று ராஸ் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1902-இல் நோபல் பரிசும் பெற்றார். ஹுசைன் கானின் பெயரைச் சொல்லும் பாடநூல் எதையும் நாங்கள் கண்டதில்லை.

சென்ற ஆண்டு டெங்குவில் படுத்தெழுந்த எங்கள் மகள், “இந்தக் கொசு எங்கிருந்து வந்தது, வாப்பா?” என்று கேட்டாள். வீட்டுத் தொட்டியில் நாம் சேர்த்து வைக்கும் தெளிந்த நீரிலேயே அது வளர்கிறது. தொட்டியின் சுவரில் ஒட்டிய முட்டைகள் நீரின்றிப் பல மாதங்கள் உயிரோடிருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும் என்பது அதனால்தான்.

எனினும் பூச்சி என்றாலே பகை என்று பிள்ளைகள் எண்ணிவிடலாகாது. அந்நஹ்ல், அந்நம்ல் என்று தேனீயின் பெயராலும் எறும்பின் பெயராலும் அத்தியாயங்களை ஓதுபவர்கள் நாம். டேவ் கோல்சனின் ‘சைலண்ட் எர்த்’ (2021), பூச்சிகள் அருகி வருவதையும் அதில் பூச்சிக்கொல்லிகளுக்குள்ள பங்கையும் விளக்குகிறது.

மூன்றையும் வாங்க இயலாதோர் முதல் நூலில் தொடங்கலாம். ஆங்கிலம் அறியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகளே இரவில் சிறிது சிறிதாகச் சொல்லட்டும். வைட்ஹெட் வீடு வீடாகச் செல்லும் இடம் வரையேனும்.