விலைச்சீட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு சீட்டு

பாரிஸ்



பாரிஸிலிருந்து நாங்கள் ஊருக்குக் கிளம்புகிறோம் என்று தெரிந்ததும், "வரும்போது ஒரு போன் வாங்கிட்டு வர முடியுமா?" என்று கேட்காத உறவினர் குறைவு. ரேடியோவும் கைக்கடிகாரமும் பெட்டிக்குள் வந்த காலத்திலிருந்தே, வெளிநாட்டில் எல்லாம் மலிவு என்ற நம்பிக்கை நம் வீடுகளில் ஊறிப்போயிருக்கிறது. இன்றைய போன், லேப்டாப் விலைகளை எடுத்து வைத்துப் பார்த்தால் அந்த நம்பிக்கை நிற்காது. கணக்கையே எழுதிவிடுகிறேன்.

2025 செப்டம்பரில் வெளிவந்த ஐபோன் 17-ஐ எடுத்துக்கொள்வோம். 256 ஜிபி மாடல் இந்தியாவில் 82,900 ரூபாய்க்கும், பிரான்சில் 969 யூரோவுக்கும், அமெரிக்காவில் 799 டாலருக்கும் விற்பனைக்கு வந்தது. ஒரு யூரோ 100 ரூபாயைத் தாண்டிவிட்டது. நூறு என்றே வைத்துக்கொண்டாலும் பிரான்ஸ் விலை 96,900 ரூபாய். அதாவது நம் ஊரைவிடப் பதினான்காயிரம் ரூபாய் அதிகம். எம்4 சிப் கொண்ட 13 அங்குல மேக்புக் ஏர் 2025-இல் வந்தபோதும் இதே கதைதான். இந்தியாவில் 99,900 ரூபாய், இங்கே 1,199 யூரோ.

இந்த இடைவெளியில் ஒரு பங்கு வரிக்கு. பிரான்சில் ஒட்டப்படும் விலைக்குள் 20 சதவீத வாட் வரி அடங்கியிருக்கும். 969 யூரோவில் 161 யூரோ 50 சென்ட் அரசுக்குப் போகிறது. இசையையும் படங்களையும் மக்கள் சொந்த உபயோகத்துக்குப் படியெடுத்துக்கொள்வதற்கு ஈடாக, கலைஞர்களுக்கென்று ஒரு தொகையும் ஸ்டோரேஜ் அளவைப் பொறுத்து அந்த விலைக்குள்ளேயே வசூலாகிறது. இந்தியாவில் போனுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அமெரிக்க விலையில் வரி சேராது. ஓரிகன் மாநிலத்தில் விற்பனை வரியே இல்லை, கலிபோர்னியாவில் 7.25 சதவீதத்துக்குக் குறையாது. ஆகவே 799 டாலரை ரூபாயாக மாற்றி இந்திய விலையோடு நேரடியாக ஒப்பிடுவது சரியாக வராது.

சுற்றுலா வந்தவர்கள் வாட் வரியைத் திரும்பப் பெறலாமே என்பீர்கள். பெறலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவராக இருக்க வேண்டும், ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும், விமான நிலையத்தில் அதற்கான இயந்திரத்தில் படிவத்தைப் பதிய வேண்டும். இடைத்தரகு நிறுவனத்தின் கழிவு போக, கைக்கு வருவது பெரும்பாலும் 12 சதவீதத்துக்குள்தான். 969 யூரோவில் 12 சதவீதத்தைக் கழித்தாலும் 853 யூரோ நிற்கிறது. அது 85,000 ரூபாய்க்கு மேல். ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் தயாராகும் தமிழ்நாட்டுக்கு, பாரிஸிலிருந்து கூடுதல் விலைக்கு ஒன்றைச் சுமந்து வருவதில் அர்த்தமில்லை.

விலையைத் தாண்டி வேறு வேறுபாடுகளும் உண்டு. ஐபோன் 14 தொடங்கி அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் சிம் அட்டை போடும் இடமே கிடையாது, இ-சிம் மட்டும்தான். ஐபோன் 17-இல் அமீரகம், சவுதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் ஆகிய நாடுகளிலும் அப்படியே. வளைகுடாவிலிருந்து போன் வாங்கி அனுப்பச் சொல்பவர்கள் இதை முதலில் விசாரிக்க வேண்டும். சாம்சங் கேலக்ஸி எஸ்24-இல் அமெரிக்காவுக்கு ஸ்னாப்டிராகன் சிப் போனது, ஐரோப்பாவுக்கும் இந்தியாவுக்கும் எக்ஸினோஸ் வந்தது. பெட்டியின் மேல் பெயர் ஒன்றுதான், உள்ளே இருக்கும் மூளை வேறு. யூடியூபில் ஓர் அமெரிக்கர் செய்த விமர்சனத்தைப் பார்த்துவிட்டுச் சென்னையில் வாங்குகிறவருக்கு, அவர் பார்த்த போன் கிடைக்கவில்லை.

லேப்டாப்பில் இன்னொரு சிக்கல், விசைப்பலகை. பிரெஞ்சுக் கடைகளில் இருப்பதெல்லாம் அஸெர்ட்டி. நம் ஊர்ப் பலகையில் 'க்யூ' இருக்கும் இடத்தில் இங்கே 'ஏ' இருக்கும். 'இசட்'டும் 'டபிள்யூ'வும் இடம் மாறியிருக்கும். 'எம்' எழுத்து 'எல்'லுக்கு வலப்பக்கம் போயிருக்கும். எண்களைத் தட்ட ஷிஃப்ட் அழுத்த வேண்டும். இதில் தமிழ்99 தட்டச்சு அமைப்பைப் போட்டால், 'ஏ' என்று அச்சிட்ட விசை 'ஆ' தரும், 'க்யூ' என்று அச்சிட்டது 'அ' தரும், 'எம்' என்று அச்சிட்ட இடத்தில் 'ந' வரும். விரலுக்கு இடம் பழகியவர்களுக்குக் கவலையில்லை. பார்த்துப் பார்த்துத் தட்டுகிற பள்ளிப் பிள்ளைக்கு ஒவ்வொரு வரியும் தடுமாற்றம்தான்.

ஆக, இங்கிருந்து போனையோ லேப்டாப்பையோ கொண்டுவர வேண்டியதில்லை. நம் ஊருக்கு வர வேண்டியது வேறொன்று. அது இங்கே விலைச்சீட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் இன்னொரு சீட்டு.

2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனைக்கு வரும் ஒவ்வொரு ஸ்மார்ட்போனுக்கும் டேப்லெட்டுக்கும் ஓர் ஆற்றல் முத்திரை கட்டாயம். அதற்கு முன்பே, 2021 ஜனவரியிலிருந்து, பிரான்ஸ் அரசு 'பழுதுபார்க்கும் குறியீடு' என்ற பெயரில் பத்துக்கு இத்தனை என ஒரு மதிப்பெண்ணைப் போன், லேப்டாப், டிவி, துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவற்றின் விலையருகே போடச் சொல்லியிருந்தது. போனைப் பொறுத்தவரை அந்த இடத்தை இப்போது ஐரோப்பிய முத்திரை எடுத்துக்கொண்டது.

உள்ளங்கை அளவுச் சீட்டு அது. மேலே ஒரு க்யூஆர் கட்டம். அதன் கீழே ஏ முதல் ஜி வரை பச்சையிலிருந்து சிவப்புக்கு இறங்கும் பட்டைகள், அதில் இந்தப் போன் எந்தப் படியில் நிற்கிறது என்று ஓர் அம்பு. அடியில் ஐந்து சிறு படங்கள். ஒருமுறை சார்ஜ் செய்தால் எத்தனை மணி, எத்தனை நிமிடம் ஓடும் என்பது ஒன்று. கீழே விழுந்தால் தாங்கும் வகுப்பு ஒன்று. பழுதுபார்க்கும் வகுப்பு ஒன்று. பேட்டரி எத்தனை சார்ஜ் சுற்று தாங்கும் என்பது இன்னொன்று. தூசியும் தண்ணீரும் புகாமல் காக்கும் ஐபி எண் கடைசி.

ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு சோதனை இருக்கிறது. சாதாரண போனை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்பக் கீழே போடுகிறார்கள். குறைந்தது 45 முறை விழுந்தும் வேலை செய்ய வேண்டும், 270 முறை தாங்கினால்தான் ஏ வகுப்பு. பேட்டரி 800 முறை முழுதாக ஏறி இறங்கிய பிறகும், புதிதாக இருந்தபோது பிடித்த மின்சாரத்தில் 80 சதவீதத்தையாவது பிடிக்க வேண்டும். தினமும் ஒரு முழுச் சுற்று சார்ஜ் செய்பவருக்கு 800 சுற்று என்பது இரண்டு வருடத்துக்குச் சற்று மேல். 1,000 என்று போட்டிருக்கும் போன் அவரிடம் இன்னும் ஆறு மாதத்துக்கு மேல் தளராமல் உழைக்கும். ஒரு சிறு எண்ணில் ஆறு மாத வாழ்க்கை இருக்கிறது.

பழுதுபார்க்கும் வகுப்பைக் கணிக்க ஆறு விஷயங்களைப் பார்க்கிறார்கள். ஒரு பாகத்தை எடுக்க எத்தனை படி கழற்ற வேண்டும், திருகா பசையா, எந்தக் கருவி தேவை, உதிரிபாகம் யாருக்கெல்லாம் கிடைக்கும், மென்பொருள் அப்டேட் எத்தனை வருடம், பழுதுபார்க்கும் விவரக் குறிப்பு யாருக்குத் தருகிறார்கள். ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுகளுக்கு உதிரிபாகம் தர வேண்டும். கடைசிப் போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து குறைந்தது 5 ஆண்டு இயங்குதள அப்டேட் தர வேண்டும். இவை நிறுவனத்தின் கருணையால் வருபவை அல்ல, சட்டம்.

இந்த முத்திரையில் குறையில்லாமல் இல்லை. மதிப்பெண்ணை நிறுவனமே சோதித்துப் போட்டுக்கொள்கிறது, அரசுக் கண்காணிப்பு பின்னால்தான் வருகிறது. சோதனை முறை தெளிவாக இல்லை என்று சொல்லி, ஏ தகுதி பெற்ற தன் போன்களுக்கு ஆப்பிள் தானாகவே பி என்று குறைத்துப் போட்டது. ஆனாலும் கடையில் நிற்பவருக்கு, விற்பனையாளரின் பேச்சைத் தவிர வேறொரு சாட்சி கிடைத்துவிட்டது. இது பெரிய விஷயம்.

ஏனென்றால் நம் ஊரில் போனை ஒப்பிடும்போது பார்ப்பதெல்லாம் மெகாபிக்ஸல், ரேம், விலை. 200 மெகாபிக்ஸல் கேமரா கொண்ட கேலக்ஸி எஸ்23 அல்ட்ராவே, வழக்கமான படத்துக்கு 16 புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்ஸல் படமாகத்தான் தருகிறது. குறைந்த விலைப் போன்களில் எண்ணிக்கைக்காகவே 2 மெகாபிக்ஸல் மேக்ரோ கேமரா ஒன்றை ஒட்டிவிடுகிறார்கள். படத்தின் தரத்தைத் தீர்மானிப்பது சென்சாரின் அளவும், லென்சும், படத்தைத் திருத்தும் மென்பொருளும். மெகாபிக்ஸல் எண் விளம்பரப் பலகைக்கு உதவும்.

நான் பரிந்துரைக்கும் கணக்கு எளிது. விலையை, அப்டேட் கிடைக்கும் ஆண்டுகளால் வகுங்கள். கேலக்ஸி ஏ16 5ஜி 2024 இறுதியில் இந்தியாவில் 18,999 ரூபாய்க்கு வந்தது, 6 ஆண்டு அப்டேட். ஆண்டுக்கு 3,167 ரூபாய். கூகுள் பிக்ஸல் 9ஏ 2025-இல் 49,999 ரூபாய்க்கு வந்தது, 7 ஆண்டு. ஆண்டுக்கு 7,143 ரூபாய். இரண்டே ஆண்டு அப்டேட் தரும் ஒரு போன் 15,000 ரூபாய் என்றால், ஆண்டுக்கு 7,500 ரூபாய் ஆகிறது. மலிவு என்று எடுத்ததுதான் மூன்றில் அதிக விலை. அப்டேட் நின்ற போனில் வங்கிச் செயலியும் யூபிஐயும் வைத்திருப்பது ஆபத்து என்பதையும் இந்தக் கணக்கோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கம்ப்யூட்டருக்கும் இதே அளவுகோல்தான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய சிப்பும் வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ பழைய கணினிகள் ஒரே நாளில் பாதுகாப்பில்லாதவை ஆயின. ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் குரல் கொடுத்ததால், இங்குள்ள வீட்டு உபயோகக் கணினிகளுக்கு இன்னும் ஓராண்டு பாதுகாப்பு அப்டேட் இலவசம் என்று மைக்ரோசாஃப்ட் இறங்கிவந்தது. கேட்டவர்களுக்குக் கிடைத்தது.

கணினியின் ஆயுளுக்கு இன்னொரு அளவுகோல், பாகத்தை மாற்ற முடியுமா என்பது. பாரிஸின் 12-ஆம் வட்டாரத்தில் மோங்கலே என்றொரு தெரு உண்டு. சென்னைக்கு ரிச்சி தெரு எப்படியோ, ஒரு காலத்தில் பாரிஸுக்கு அது அப்படி. ரேம், ஹார்ட் டிஸ்க், மதர்போர்டு என்று தனித்தனியாக வாங்கி மாட்டிக்கொள்ள வருபவர்களால் நிறைந்திருந்தது. இன்று அதில் பல கடைகள் இல்லை. மெல்லிய லேப்டாப்களில் ரேமைப் பலகையோடு சேர்த்தே பற்றவைத்துவிடுகிறார்கள், பின்னால் மாற்ற வழியில்லை. எனவே வாங்கும் நாளில் எடுக்கும் ரேம்தான் அந்த லேப்டாப்பின் ஆயுள் முழுவதற்கும். மேக்புக் ஏரில் 2024 அக்டோபர் வரை ஆரம்ப மாடலுக்கு 8 ஜிபிதான் இருந்தது, பிறகே அதே விலையில் 16 ஆனது. புது லேப்டாப் எடுப்பவர்கள் 16 ஜிபிக்குக் கீழே இறங்க வேண்டாம். பணம் போதாதென்றால் சிப்பில் ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள், ரேமில் குறைக்காதீர்கள்.

உத்தரவாதத்திலும் இங்கே பாடம் இருக்கிறது. பிரான்சில் புதுப் பொருளுக்கு இரண்டு ஆண்டு சட்டப்படியான உத்தரவாதம். பொறுப்பு விற்ற கடைக்கு. குறை ஆரம்பத்திலிருந்தே இருந்தது என்று வாங்கியவர் நிரூபிக்கத் தேவையில்லை. அந்த உத்தரவாதத்தில் பழுதுபார்த்தால் மேலும் ஆறு மாதம் கூடும். பழைய போனைச் சோதித்துச் சீராக்கி விற்கும் தொழிலும் இங்கே வளர்ந்திருக்கிறது. அந்தச் சந்தையின் பெரிய பெயரான பேக் மார்க்கெட் 2014-இல் பாரிஸில் தொடங்கியதுதான்.

இவையெல்லாம் பணக்கார நாட்டு வசதி என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஃப்ரிட்ஜும் ஏசியும் வாங்கும்போது நம் மக்கள் நட்சத்திரத்தை எண்ணித்தான் வாங்குகிறார்கள். ஐந்து நட்சத்திரம் விலை கூடினாலும் கரண்ட் பில்லில் மிச்சமாகும் என்று எல்லா வீட்டிலும் கணக்குப் போடத் தெரியும். அதே கணக்கைப் போனுக்குப் போட, போட்டுப் பார்க்கும் எண்கள் கையில் வேண்டும், அவ்வளவுதான். இந்திய நுகர்வோர் விவகாரத் துறை இதற்கென 2024-இல் அமைத்த குழு, பழுதுபார்க்கும் குறியீடு பற்றிய தன் அறிக்கையை 2025 மே மாதத்தில் கொடுத்துவிட்டது. அந்தக் குறியீடு விலைச்சீட்டுக்குப் பக்கத்தில் கட்டாயமாக வந்து உட்காரும்வரை, நுகர்வோர் அமைப்புகளும் பத்திரிகைகளும் நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களும் விடாமல் கேட்க வேண்டும்.

அதுவரை கடையில் நீங்களே கேளுங்கள். அப்டேட் எந்த ஆண்டு வரை? பேட்டரி எத்தனை சுற்று தாங்கும்? பேட்டரியும் டிஸ்ப்ளேயும் மாற்ற இன்றைய விலை என்ன? உதிரிபாகம் எத்தனை வருடம் கிடைக்கும்? இந்த நான்குக்கும் பதில் சொல்ல முடியாத போன் எத்தனை மலிவாக இருந்தாலும், அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.