நாற்பது பங்கும் ஒரு திருத்தச் சட்டமும்



சேரன்மகாதேவியில், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நன்செய் விட்டு மறைந்த ஒருவரின் வீட்டில் பாகப்பிரிவினைப் பேச்சு எழுந்தது. வாரிசுகள் மனைவி, இரு ஆண்மக்கள், ஒரு மகள். ஃபராயிள் கணக்குப் பார்க்க என்னை அழைத்தார்கள். மொத்தம் 40 பங்கு. தாய்க்கு 5, மகன்களுக்குத் தலா 14, மகளுக்கு 7 என்று எழுதிக் கொடுத்தேன்.

"வீட்டில் பங்கு கொடுத்துவிடுகிறோம், ஹஜ்ரத். வயலுக்கு ஷரீஅத் சட்டம் செல்லாதாமே!" என்றார் மூத்தவர். மார்க்கம் வயலென்றும் வீடென்றும் பிரிக்கவில்லை என்பதை அறிவேன். ஆயினும், அரசாங்கச் சட்டம் என்றதும் வாயடைத்துப் போனேன். அம்மௌனத்தை எண்ணி இன்றும் வெட்கப்படுகிறேன்.

என்னிடம் ஓதிய பெண்ணொருத்தி இப்பொழுது சட்டக் கல்லூரி மாணவி. அவளிடம் கேட்டேன். 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கியிருந்தது மெய்யே. 1949-இல் சென்னை மாகாணம் திருத்தம் செய்து அவ்விலக்கை நீக்கிவிட்டது என்றாள். பிறகு தயங்கியவாறு, "நாற்பது எப்படி வந்தது, ஹஜ்ரத்?" என்று வினவினாள். மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சியதை மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என ஐந்தாக்க வேண்டும். எட்டை ஐந்தால் பெருக்கினால் நாற்பது என விளக்கினேன்.

அவளும் அவள் தந்தையும் நானும் சேர்ந்து சென்று எடுத்துரைத்த பின்னரே, தங்கையின் பெயரும் பத்திரத்தில் ஏறியது.

சிந்தித்துப் பாருங்கள். சட்டப் பிரிவுகளை மட்டும் மனனம் செய்தவர் வழக்கறிஞராகிவிடலாம் என்னும் காலம் மலையேறிவிட்டது. பெங்களூரில் மாதவ மேனன் தலைமையில் 1988-இல் வகுப்புகளைத் தொடங்கிய தேசியச் சட்டப் பள்ளி, வரலாறு, பொருளியல், சமூகவியல் ஆகியவற்றையும் ஐந்தாண்டுப் படிப்பில் சட்டத்தோடு இணைத்தது. இன்றைய வழக்கறிஞர் கணினிப் பதிவையும் மருத்துவச் சான்றையும் படித்தறிய வேண்டியிருக்கிறது.

இது நமக்குப் புதிதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் அல்குவாரிஸ்மி தம் இயற்கணித நூலின் ஒரு பகுதியையே வாரிசுரிமைக் கணக்குகளுக்கு ஒதுக்கினார். கணிதமும் சட்டமும் அன்றே கைகோத்து நடந்தன.

ஆகவே பெற்றோர்களே, சட்டம் பயிலும் பிள்ளைகளை ஃபராயிள் பாடத்திற்கும் அனுப்புங்கள். மதரஸா ஆசிரியர்களாகிய நாமும் நாட்டுச் சட்டத்தைக் கற்போம். இரண்டும் அறியாத இடைவெளியில்தான் ஒரு சகோதரியின் ஏழு பங்கு தொலைந்துபோக இருந்தது. இனி எவர் பங்கும் அவ்வாறு தொலையாதிருக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக!