சும்மா இருக்கும் லேப்டாப் ஏன் சுடுகிறது?

எந்த வேலையும் கொடுக்காமல் திறந்து வைத்திருக்கும் லேப்டாப் கை வைக்க முடியாமல் சுடுகிறது, ஃபேன் இரைகிறது என்றால், பெரும்பாலும் நாம் சொல்லாத வேலை ஏதோ உள்ளே ஓடுகிறது. அது என்னவென்று பார்க்காமலே கூலிங் பேட் வாங்கக் கிளம்புவதில் எனக்கு உடன்பாடில்லை.

விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். ஆனால் பட்டியலில் முதலில் நிற்பதே குற்றவாளி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. டீடெயில்ஸ் பக்கத்தில் 'சிஸ்டம் ஐடில் ப்ராசஸ்' 95 என்று காட்டினால், ப்ராசசர் 95 சதவீதம் ஓய்வாக இருக்கிறது என்று பொருள். மேக்கில் 'கெர்னல் டாஸ்க்' இன்னும் குழப்பும். சூடு ஏறினால் மற்ற நிரல்களுக்கு ப்ராசசர் அதிகம் கிடைக்காதபடி அது இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதைக் குறை சொல்வது, தீயணைக்க வந்தவரையே தீ வைத்தவர் என்று பிடிப்பதற்குச் சமம்.

என் தங்கை மகனின் லினக்ஸ் லேப்டாப்பில் நேர்ந்தது வேறு. 'டாப்' கட்டளை கொடுத்தால், 'கேவொர்க்கர்' என்ற பெயர் ப்ராசசர் கோர் ஒன்றை முழுசாக விழுங்கிக்கொண்டிருந்தது. எல்லா நிரல்களையும் மூடினோம், இறங்கவில்லை. கேவொர்க்கர், இயங்குதளத்தின் மையமான கெர்னலின் கையாள். யாரோ ஏவுவதால்தான் அது ஓடும். ஹார்டுவேர் கெர்னலை எத்தனை முறை கூப்பிட்டது என்ற ஏசிபிஐ இன்டரப்ட் கணக்குகள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்தோம். அதில் ஜிபிஇ எனப்படும் வரிசைகளில் ஒன்றின் எண் மட்டும் பார்க்கப் பார்க்க ஏறிக்கொண்டே போனது. ஒன்றும் நடக்காமலே ஹார்டுவேர் ஓயாமல் கெர்னலைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்த வரிசையை 'டிசேபிள்' செய்ததும் ஃபேன் சத்தம் மெல்ல அடங்கியது. மூடியை மூடினால் தூங்குகிறதா, சார்ஜ் ஏறுவது தெரிகிறதா என்றும் சோதித்தோம். சில கணினிகளில் அவற்றுக்கும் அதே வரிசை தேவைப்படும். ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி ஆகிவிடும் என்பதால் பயாஸ் அப்டேட் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னேன்.

இவ்வளவு தூரம் போக வேண்டிய தேவை பலருக்கு வராது. அப்டேட், ஃபைல்களைத் தேடலுக்காக இன்டெக்ஸ் செய்வது, வைரஸ் ஸ்கேன் போன்றவை சார்ஜரில் போட்டுச் சிறிது நேரம் விட்டால் தானே முடியும். குரோமில் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்திப் பார்க்கலாம். டாஸ்க் மேனேஜரைத் திறந்த நொடியே சத்தம் அடங்கி, மூடியதும் திரும்ப எழுந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள். திருட்டுத்தனமாகக் கிரிப்டோ மைனிங் செய்யும் சில நிரல்கள் அப்படித்தான் ஒளியும்.

ப்ராசசர் உண்மையிலேயே ஓய்வாக இருந்தும் சுடுகிறதென்றால் தூசி அடைத்த காற்றுத் துளையையும் காய்ந்துபோன தெர்மல் பேஸ்டையும் பாருங்கள். மெத்தைமேல் வைத்து ஓட்டாதீர்கள். எந்த நிரலையும் நிறுத்துமுன் அது எந்த ஃபோல்டரிலிருந்து ஓடுகிறது என்று பாருங்கள். சூட்டைக் காரணம் காட்டி ஆன்டிவைரஸை மட்டும் நிரந்தரமாக அணைத்துவிடாதீர்கள்.