ஒரு முத்து அளவு பெட்ரோல்



கடந்த மாதம் மத்ரஸாவின் காலை வகுப்பில் நாம் நடத்திய பாடம், உளூவில் வீண்விரயம் தவிர்ப்பது பற்றியது. ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் தேவைக்கு மேல் நீரைச் செலவிடலாகாது என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஸஅத் (ரலி) அவர்களுக்கு உணர்த்திய நிகழ்வைச் சொன்னோம். அண்ணலார் ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்து வந்ததையும், ஒரு முத்து என்பது நடுத்தர மனிதர் ஒருவரின் இரு கைகளும் சேர்ந்து ஏந்தும் அளவு என்பதையும் விளக்கினோம். பிள்ளைகள் தம் சிறு கைகளைச் சேர்த்து ஏந்திப் பார்த்துக்கொண்டார்கள். பாடம் நன்றாக அமைந்த மனநிறைவோடு வீடு திரும்பினோம்.

மறுநாள் மகளைப் பள்ளிக்கூடத்திற்கு அழைத்துச் சென்றபோது ரயில்வே கேட் மூடியிருந்தது. அந்தக் கேட் மூடினால் திறக்க ஏழெட்டு நிமிடங்கள் ஆகும் என்பது ஊரில் அனைவரும் அறிந்ததே. என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, வரிசையில் நின்றோம். முந்தைய நாள் வகுப்பில் முதல் வரிசையில் அமர்ந்திருந்த மகள் கேட்டாள்:

“வாப்பா, வண்டியை எடுக்கும்போதெல்லாம் ஒரு பொத்தானை அமுக்குறீங்களே, அது எதுக்கு?”

“வண்டி நிற்கும்போது என்ஜின் தானாக அணைந்துவிடாமல் இருக்க, மகளே.”

“அணைஞ்சா என்ன ஆகும்?”

“பெட்ரோல் மிச்சமாகும்” என்றோம். சொல்லி முடித்த பிறகே, என்ன சொன்னோம் என்பது நமக்கு உறைத்தது.

“அப்ப ஏன் வாப்பா அணைய விட மாட்டேங்கிறீங்க?”

ரயில் கடந்து சென்றது. கேட் திறந்தது. நம்மிடம் பதில் இருக்கவில்லை.

நம்முடையது இரண்டாம் கையாக வாங்கிய சிறிய பெட்ரோல் கார். வண்டி நின்று, கியரை நியூட்ரலில் வைத்து, கிளட்சிலிருந்து காலை எடுத்தால் என்ஜின் தானாக அணையும். மீண்டும் கிளட்சை மிதித்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் இயங்கத் தொடங்கும். இத்தகைய கார்களில் அடிக்கடி அணைந்து எழுவதைத் தாங்குவதற்கென்றே வலுவான பேட்டரியும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் பொருத்தப்படுகின்றன. பேட்டரியில் மின்சாரம் குறைந்தாலோ, என்ஜின் இன்னும் சூடேறாதிருந்தாலோ, ஏசிக்குத் தேவை மிகுந்தாலோ கணினி என்ஜினை அணைப்பதில்லை. இது வேண்டாம் என்போருக்காக ஒரு பொத்தான் உண்டு. ஆனால் பெரும்பாலான கார்களில் ஒவ்வொரு முறை வண்டியை எடுக்கும்போதும் இந்த ஏற்பாடு மீண்டும் உயிர்பெற்றுவிடும். வேண்டாம் என்றால் ஒவ்வொரு முறையும் நாமே அமுக்க வேண்டும். நாம் ஒவ்வொரு நாளும் அமுக்கிக்கொண்டிருந்தோம்.

கேட்காத ஒன்றைக் காரில் ஏன் வைத்தார்கள் என்ற கேள்விக்கு விடை, அரசாங்கத்தின் எரிபொருள் சிக்கன விதிகளில் இருக்கிறது. 1973இல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தியபோது அமெரிக்காவில் பெரும் தட்டுப்பாடு உண்டாயிற்று. அதன் விளைவாக 1975இல் அந்நாடு, ஒவ்வொரு கார் நிறுவனமும் தான் விற்கும் கார்களின் சராசரி மைலேஜைக் குறிப்பிட்ட அளவுக்கு உயர்த்த வேண்டும் என்று சட்டம் இயற்றியது. நம் நாடும் தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கும் மேல் வெளிநாடுகளிலிருந்தே வாங்குகிறது. எனவே 2001ஆம் ஆண்டின் எரிசக்திப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இங்கும் அத்தகைய விதிகள் வந்தன. அவை 2017-18 முதல் நடைமுறைக்கு வந்து, 2022-23 முதல் மேலும் இறுக்கப்பட்டன. முதல் கட்டத்தில் கிலோமீட்டருக்குச் சராசரியாக 130 கிராம் என்றிருந்த கரியமில வாயுவின் இலக்கு, இரண்டாம் கட்டத்தில் 113 கிராம் ஆயிற்று. தவறும் நிறுவனத்திற்கு விற்ற ஒவ்வொரு காருக்கும் அபராதம் உண்டு என்று 2022இல் சட்டம் திருத்தப்பட்டது.

இந்தக் கணக்கு சாலையில் எடுக்கப்படுவதில்லை. ஆய்வுக்கூடத்தில் காரின் சக்கரங்களை உருளைகளின் மீது நிறுத்தி, சுமார் 20 நிமிடம் ஓட்டி அளக்கிறார்கள். நகரப் போக்குவரத்தைப் போல இருக்க வேண்டும் என்பதற்காக, அந்த நேரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கார் அசையாமல் நிற்கும்படி சோதனை வகுக்கப்பட்டிருக்கிறது. நிற்கும்போது என்ஜினை அணைக்கும் கார் அங்கே நல்ல மதிப்பெண் பெறுகிறது. நிறுவனங்கள் இதைப் பொருத்த முன்வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இதைப் படித்தறிந்தபோது இரண்டு விஷயங்கள் நம்மைச் சிந்திக்க வைத்தன.

ஒன்று, சட்டம் கேட்பது சராசரியை. ஒரு நிறுவனம் எரிபொருளை விழுங்கும் பெரிய வண்டிகளை விற்றாலும், சிறிய கார்களையும் மின்சாரக் கார்களையும் கூடுதலாக விற்று அதை ஈடுகட்டிவிடலாம். ஒன்றின் மிகுதியை மற்றொன்றின் சிக்கனம் சுமந்துகொள்ளும். உலகச் சட்டத்தில் இது நியாயமான ஏற்பாடே. ஆனால் மறுமையில் சராசரி கிடையாது. ஒருவரின் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்பதும், அணுவளவு நன்மையும் தீமையும் செய்தவருக்கே காட்டப்படும் என்பதும் திருமறை நமக்குக் கற்றுத்தந்த பாடம். பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளில் செல்வதால் நம் விரயம் குறைந்துவிடாது.

மற்றொன்று, சட்டம் காரைத்தான் எடைபோடுகிறது, விரலை அல்ல. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த கார் சோதனையில் தேறிவிட்டது. நிறுவனம் இலக்கை எட்டிவிட்டது. அதன்பின் ஓட்டுபவர் தினமும் அந்தப் பொத்தானை அமுக்கினாலும் ஏட்டில் எதுவும் மாறாது. மிச்சமானதாக எழுதப்பட்ட பெட்ரோல் ரயில்வே கேட்டில் எரிந்துகொண்டிருக்கும். அதைக் காண அதிகாரி இல்லை, அபராதம் இல்லை. டெல்லி அரசு 2020 அக்டோபரில், சிவப்பு விளக்கு எரிந்தால் வண்டியை அணையுங்கள் என்று மக்களிடம் ஓர் இயக்கமே நடத்தியது. அதுவும் வேண்டுகோளாகவே இருந்தது. அந்தப் பொத்தான் வரைக்கும்தான் சட்டம் வர முடியும். அதற்கப்பால் இருப்பது இறையச்சம் மட்டுமே.

பிறகு நாம் கணக்கிட்டுப் பார்த்தோம். நம்முடையதைப் போன்ற சிறிய கார் சும்மா நின்று ஓடினால் மணிக்கு அரை லிட்டருக்கு மேல், ஏசியும் ஓடினால் ஒரு லிட்டர் வரை பெட்ரோல் குடிக்கும். எட்டு நிமிடத்திற்கு 100 மில்லி என்று வைத்தால், வாரத்தில் ஆறு நாட்களுக்கு 600 மில்லி. ஷாஃபிஈ மத்ஹபின் அளவில் ஒரு முத்து என்பது முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆக, பிள்ளைகளின் கைகளை ஏந்தச் சொல்லிக் காட்டிய அந்த அளவுக்குச் சற்றேறக்குறைய நிகரான பெட்ரோலை, வாரந்தோறும் ஒரே கேட்டில் நின்றபடி எரித்துக்கொண்டிருந்தோம். நீராவது மண்ணுக்குத் திரும்பும். இதன் புகையோ, பக்கத்தில் இருசக்கர வாகனத்தில் கைக்குழந்தையோடு காத்திருக்கும் தாயின் மூச்சுக்குள் போகிறது.

அப்படியானால் ஏன் அமுக்கினோம்? “பாய், அதை ஆஃப் பண்ணிடுங்க, பேட்டரி சீக்கிரம் போயிடும், அந்த பேட்டரி விலை ஜாஸ்தி” என்று மெக்கானிக் சொன்னது ஒரு காரணம். அவர் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. அந்த வகை பேட்டரி சாதாரண பேட்டரியைவிட விலை கூடியதுதான். மத்ரஸா ஊதியத்தில் அது சிறிய செலவன்று. ஆனால் மகளின் கேள்விக்குப் பின் மனத்தைத் துருவிப் பார்த்தபோது, மெக்கானிக்கைச் சந்திப்பதற்கு முன்பே நாம் அமுக்கத் தொடங்கிவிட்டது நினைவுக்கு வந்தது. கார் வாங்கிய முதல் வாரம், ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் தெருவில் நின்றபோது என்ஜின் அணைந்தது. பின்னாலிருந்தவர் ஹார்ன் அடித்தார். தெரிந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஹஜ்ரத்துக்கு வண்டி ஓட்டத் தெரியவில்லை என்று நினைத்துவிடுவார்களோ என்ற வெட்கமே நம் விரலை அந்தப் பொத்தானுக்குக் கொண்டுசென்றது. பேட்டரி பின்னர் கிடைத்த சாக்கு. செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்று ஆண்டுதோறும் முதல் பாடமாகக் கற்பிக்கும் நமக்கு, நம் எண்ணம் எதுவென்பதை ஒரு சிறுமியின் கேள்வி காட்டித்தந்தது.

பொத்தானை அமுக்குவதே பாவம் என்று நாம் சொல்ல வரவில்லை. மூச்சிரைப்பு உள்ள நம் தாயாரைச் சித்திரை வெயிலில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் நாளில் ஏசி ஓடத்தான் வேண்டும். என்ஜின் அணைந்தால் பெரும்பாலான கார்களில் குளிரூட்டும் கம்ப்ரசரும் நின்று, சற்று நேரத்தில் உள்ளே வெப்பம் ஏறிவிடும். அன்று பொத்தானை அமுக்குவது தேவை. தேவைக்குச் செலவிடுவது விரயமன்று. தாயாருக்குச் செய்யும் பணிவிடை அது. நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகரும்போது அணைந்து அணைந்து எழுவதில் பயன் குறைவு என்பதும் உண்மை. ஆனால் பத்து விநாடிகளுக்கு மேல் நிற்கப்போகிறோம் என்று தெரிந்தால் அணைத்துவிடுவதே சிக்கனம். தேவையையும் வழக்கத்தையும் பிரித்தறிவதுதான் நம் மீதுள்ள கடமை. தாயாருக்காக அமுக்கிய விரல், தாயார் இல்லாத நாளிலும் அமுக்கிக்கொண்டிருந்தால் அது வழக்கம்.

இப்போது தாயார் வண்டியில் இல்லாத நாட்களில் அந்தப் பொத்தானைத் தொடுவதில்லை. ரயில்வே கேட் மூடியிருந்தால் சாவியையே திருப்பி அணைத்துவிட்டு, கண்ணாடிகளை இறக்கி வைக்கிறோம். பேட்டரிக்கென்று மாதந்தோறும் ஒரு சிறு தொகையை எடுத்துவைக்கத் தொடங்கியிருக்கிறோம். என்ஜின் ஓசை அடங்கிய அந்த எட்டு நிமிடங்களில் மகள் மனனம் செய்த சூராவை ஓதிக் காட்டுகிறாள். முன்பெல்லாம் அவள் குரலைக் கேட்க நாம் சத்தமாக ஓதச் சொல்ல வேண்டியிருந்தது.

அவளுடைய கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டோம். “வாப்பா செய்தது தவறு, மகளே” என்றோம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை வண்டியை எடுத்தபோது நம் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சகோதர சகோதரிகளே, நம் பிள்ளைகள் நாம் நடத்தும் பாடத்தைவிட நம் கைகளையே அதிகம் கவனிக்கிறார்கள். எவரும் காணாத இடத்திலும் அமானிதத்தைப் பேணி நடக்கும் நல்லடியார்களாக வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.