காட்டுக்குப் போயிருக்காக

அருப்புக்கோட்டை
கார்த்திகை மாதம், செவ்வாய் இரவு

அன்புள்ள முருகையா,

மரமே கண்ணில் படாத காட்டில் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

விடுகதை இல்லை. இங்கே விளைநிலத்துக்குப் பேர் காடு. கண்மாய்த் தண்ணீர் பாயும் நஞ்சைத் துண்டு இருந்தால் அதை வயல் என்பார்கள், அது கொஞ்சம்தான். மற்றபடி அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் வழியில், பேருந்து சன்னலுக்கு வெளியே கறுத்துக் கிடக்கிற மானாவாரி நிலமெல்லாம் காடுதான். இப்போது மக்காச்சோளம் முழங்கால் உயரம் நிற்கிறது. இடையிடையே பருத்தி, உளுந்து, குதிரைவாலி. ஒரு வீட்டு வாசலில் நின்று "ஐயா இருக்காங்களா?" என்று கேட்டால், "காட்டுக்குப் போயிருக்காக" என்று உள்ளேயிருந்து பதில் வரும். அதற்கு மேல் விளக்கம் கிடையாது. களை பார்க்கப் போயிருக்கலாம், மருந்தடிக்கப் போயிருக்கலாம், பயிரைச் சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு வரவும் போயிருக்கலாம்.

மண்ணை வைத்துக் கரிசக்காடு, செவக்காடு. வெள்ளாமையை வைத்துப் பருத்திக்காடு, சோளக்காடு, மொளகாக்காடு. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சி ஒருவர் மகளுக்கு மாப்பிள்ளை தேடும் கதையைச் சொன்னார். "பையன் தங்கமான பையன். காடு கரைதான் ஒண்ணும் இல்ல" என்றார். காடு கரை என்றால் இங்கே சொத்து. முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்து, "காடு கரை கெடக்கு அண்ணாச்சி, இந்தக் காலத்துப் பொண்ணுக கம்பெனி வேலை பாக்குறவனாப் பாருன்னுல்ல சொல்லுதுக" என்றார். திருச்சுழி வரும்வரை அந்த வழக்கு தீரவில்லை.

கூச்சமான காரியத்துக்கும் இதே சொல். பொழுது விடியுமுன் ஒருவர் "காட்டுக்குப் போயிட்டு வாறேன்" என்று கிளம்பினால் அவர் கையில் மண்வெட்டி இருக்காது. நம் பாட்டிமார் "கொல்லைக்கு" என்பார்களே, அதுதான். வீட்டுக்கு வீடு அரசாங்கக் கழிப்பறை வந்துவிட்டது. டைல்ஸ் ஒட்டிய அறைக்குள் போய்க் கதவைத் தாழிடுகிற பெரியவர் இன்னமும் காட்டுக்குத்தான் போகிறார்.

செத்தால் போவதும் காட்டுக்கு. எரித்த மறுநாள் பால் தெளித்துச் சாம்பலை ஆற்றும் சடங்குக்குக் காடாத்து என்று பெயர். "வீடு போ போங்குது, காடு வா வாங்குது" என்று வயதானவர்கள் சொல்லி நாமும் கேட்டிருக்கிறோம். இங்கே ஓர் அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே அதைச் சொன்னார். நான் ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "களை மண்டிக்கெடக்குய்யா, அந்தக் காடு வா வாங்குது. முட்டு எந்திரிக்க விடமாட்டேங்குது" என்று சிரித்தார். களைவெட்டுக்கு ஆள் கிடைப்பதில்லையாம். பெண்கள் நூறு நாள் வேலைக்குப் போய்விடுகிறார்கள். அதையும் காட்டு வேலையையும் அவர்கள் ஒன்றாகச் சொல்வதில்லை. காட்டு வேலை என்றால் அடுத்தவர் நிலத்தில் குனிந்து நிமிர்வது.

இதையெல்லாம் விட்டுவிடலாம். நான் உனக்கு எழுத உட்கார்ந்ததே "அவன் காட்டுல மழை" என்ற பேச்சுக்காக. யாருக்காவது பதவி உயர்வு வந்தால், மனை விலை ஏறினால், மன்னார்குடியிலும் சொல்கிறோம், சினிமாவிலும் சொல்கிறார்கள். காட்டில் மழை பெய்தால் ஒருவனுக்கு என்ன லாபம் என்று யோசித்திருக்கிறாயா? யானைக்கும் மானுக்கும் அல்லவா லாபம்? கரிசலுக்கு வந்து பார்த்தால் கேள்விக்கே இடமில்லை. இங்கே மழை ஊருக்குப் பெய்வதில்லை, காட்டுக்குப் பெய்கிறது. "நேத்து ராத்திரி நம்ம காட்டுல நல்லாப் பெஞ்சுது, ஓடைக்கு அங்கிட்டு ஒரு சொட்டு இல்ல" என்று டீக்கடையில் ஒருவர் கணக்குச் சொல்கிறார். ஓடைக்கு அங்கிட்டுக்காரர் அதே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிறார். விதைத்த நாளும் ஒன்று, வாங்கின விதையும் ஒன்று, கடனும் ஏறக்குறைய ஒன்று. மேகம் மட்டும் ஆள் பார்த்துப் பெய்திருக்கிறது. நமக்கு மேட்டூர் உண்டு. 1934 முதல் அந்த அணையும், அதைப் பாசனத்துக்குத் திறக்கும் ஜூன் 12 என்ற தேதியும் நம் பஞ்சாங்கத்தில் சேர்ந்துவிட்டன. தண்ணீர் வந்தால் ஆற்றுக்கு வரும், வாய்க்காலுக்கு வரும், முறைவைத்து எல்லாருக்கும் வரும். வராவிட்டால் சேர்ந்து சாலை மறியல் செய்யலாம். ஓடைக்கு அந்தப் பக்கம் பெய்யாத மழைக்கு யாரிடம் போய் மறியல் செய்வது?

ஒன்று சொல்ல வேண்டும்: கரிசல் மண் ஈரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். கோடையில் பாதம் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். மழை பெய்தால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்க வைக்கும். ஆனால் புரட்டாசியிலிருந்து கார்த்திகைக்குள் நாலு மழை பதமாய் விழுந்துவிட்டால் பிறகு பனியிலேயே பயிர் தேறிவிடும் என்கிறார்கள். அந்த நாலு மழையும் தன் காட்டில் விழுந்தவனைத்தான் அந்தப் பேச்சு சொல்கிறது. அதில் பொறாமை இருக்கிறது, வயிற்றெரிச்சல் இல்லை. அடுத்த வருஷம் மேகம் இடம் மாறிவிடலாம் என்று சொல்கிறவருக்கும் தெரியும்.

திருச்சுழியில் திருமேனிநாதரைக் கும்பிட்டேன். 1879-இல் ரமணர் பிறந்த வீட்டையும் பார்த்தேன். அவற்றைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் காட்டுக்கே திரும்புகிறேன்.

விளைநிலத்துக்கு ஏன் காடு என்று பெயர்? உழுத இடம் எல்லாம் ஒருகாலத்தில் வெட்டியும் கொளுத்தியும் திருத்திய இடம் என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. கி.ரா.வின் 'கோபல்ல கிராமம்' நாவலில், 1976-இல் வந்தது, தெற்கே வந்து சேர்ந்த குடிகள் அடர்ந்த காட்டுக்குத் தீவைத்துத்தான் கரிசலில் நிலம் எடுக்கிறார்கள். மரம் போனது, பெயர் தங்கிவிட்டது. கொங்கிலும் மானாவாரி நிலத்தைக் காடு என்பார்கள், தெரியும். ஸ்காட்லாந்தில் இன்னும் வேடிக்கை. மான் வேட்டைக்கென்று ஒதுக்கிய மலைச்சரிவுகளுக்கு 'டியர் ஃபாரஸ்ட்' என்று பெயர். பெரும்பாலும் புல்லும் புதரும் பாறையும்தான், மரம் அபூர்வம். அங்கே பிரபு வேட்டையாடும் இடம் காடு. இங்கே சம்சாரி களைவெட்டும் இடம் காடு. எனக்கு இது பிடித்திருக்கிறது.

இப்போது கதை பின்னோக்கிப் போகிறது. திருச்சுழியைத் தாண்டி நரிக்குடி பக்கம் போகப்போக, விதைக்காமல் போட்ட நிலங்களில் சீமைக்கருவேலம் ஏறிவிட்டது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம். யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஆடு மாடு நெற்றைத் தின்று சாணத்தோடு விதையைப் போட்டால் போதும். "நம்ம காடு இப்ப காடாப் போச்சு" என்றார் ஒரு பெரியவர். ஒரு வாக்கியத்துக்குள் அந்தச் சொல்லை இரண்டு பொருளில் வைத்துவிட்டு பீடியைப் பற்றவைத்தார். அவருக்கு அது வார்த்தை விளையாட்டு இல்லை. மகன்கள் திருப்பூரில் இருக்கிறார்கள்.

2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னது. ஊர் ஊராக இயந்திரங்கள் இறங்கின. மரம் திரும்ப வந்துவிட்டது. அதை நம்பிப் பிழைப்பவர்களும் இங்கே இருக்கிறார்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். நிலத்துக்காரர் மரத்தை மொத்தமாக விலை பேசிவிடுகிறார். வெட்டியதை அடுக்கி, இலைதழை போட்டு மூடி, மண் பூசி, காற்றுப் புகாமல் நாள்கணக்கில் புகையவிட்டுக் கரி எடுக்கிறார்கள். கரிமூட்டம் என்று பெயர். சாயங்காலம் அந்தப் பக்கம் ஒரே புகைக்காடு. பார், அங்கேயும் காடு வந்துவிட்டது. பெருவெள்ளத்தை வெள்ளக்காடு என்று நாமும் சொல்கிறோம்தானே. அளவு கைமீறினால் தமிழுக்குக் காடுதான் கடைசி எல்லை போலிருக்கிறது.

நாளை ஒரு சம்சாரியுடன் அவர் மக்காச்சோளக் காட்டுக்குப் போகிறேன். இரவில் காட்டுப்பன்றி இறங்கி மட்டம் தட்டிவிடுகிறதாம், காவலுக்குப் பரண் போட்டிருக்கிறார். கட்டில் உண்டா என்று கேட்டேன். கொசுவத்தி உண்டு என்றார்.

நீ ஒரு காரியம் செய். வேதாரண்யம் பக்கம் உன் மாமா வீட்டில், மணற்பாங்கான மேட்டு நிலத்துக்கு என்ன பேர் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுது. கொல்லை என்பார்கள் என்றே நினைக்கிறேன். அங்கேயும் காடு என்றால் எனக்கு உடனே போன் பண்ணு, கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

அன்புடன்,
ராசு