கேமரா உட்கார்ந்த இடம்

காஞ்சிபுரத்தில் "வாகனம்" என்று சொன்னால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கார் இல்லை. வைகாசி பிரம்மோற்சவத்தில் வரதராஜப் பெருமாள் ஏறி வரும் கருட வாகனம்தான். ஆனால் ஓரிக்கையில் ஓர் இளைஞன் இருக்கிறான். அவனிடம் போய் வாகனம் என்று சொன்னால், "எது, ஸ்விஃப்டா ஐ10-ஆ?" என்று கேட்பான். பழைய கார்களின் உள்ளே கேமராவை வைத்து, சுற்றிலும் மேலும் கீழும் ஒரே படமாக எடுத்துக் கொடுப்பது அவன் வேலை. வீட்டில் உட்கார்ந்து செல்போனில் விரலால் நகர்த்தினால் காருக்குள் நீங்களே உட்கார்ந்து திரும்பிப் பார்ப்பது போல இருக்குமே, அந்தப் படம்.

அவன் அப்பா நெசவாளி. கோர்வைச் சேலை நெய்கிறவர். பையன் தறியில் உட்காரவில்லை. அதில் அவருக்கு வருத்தம் உண்டு, சண்டை இல்லை.

ஓரிக்கை என்ற பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள். பல்லவ மன்னன் கணிகண்ணனை ஊரைவிட்டுப் போகச் சொன்னான். சீடன் போனதும் குருவான திருமழிசை ஆழ்வாரும் கிளம்பினார். ஆழ்வார் போனதும் திருவெஃகாவில் படுத்திருந்த பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே கிளம்பிவிட்டார். மூவரும் ஓர் இரவு தங்கிய இடம் "ஓர் இரவு இருக்கை". அதுவே ஓரிக்கை ஆனது. பெருமாளுக்கே ஒரு ராத்திரி இருக்கை கொடுத்த ஊரில், கார் இருக்கையில் கேமராவை வைத்துப் பிழைக்கிறான் ஒருவன் என்று அவன் நண்பர்கள் கேலி செய்வதுண்டு.

சரி, இந்தப் படம் எப்படி எடுக்கப்படுகிறது?

கூகுள் கார் ஒன்று கூரைமேல் கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போனது பலருக்கும் தெரிந்திருக்கும். 2011-இல் பெங்களூரில் ஆரம்பித்தபோது போலீஸ் நிறுத்திவிட்டது. பிறகு 2022 ஜூலையில்தான், இந்திய நிறுவனங்கள் எடுத்துக்கொடுத்த படங்களோடு, சென்னை உட்பட பத்து நகரங்களில் அந்தச் சேவை திரும்ப வந்தது. அங்கே காரின் மேல் கேமரா. இவனுக்குக் காரின் உள்ளே கேமரா. கேட்பதற்குச் சின்ன வித்தியாசம் போலத் தோன்றும். வேலை செய்துபார்த்தால்தான் கஷ்டம் தெரியும்.

உங்கள் ஆள்காட்டி விரலை மூக்குக்கு முன்னால் நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு மறு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறிக் குதிக்கும். தூரத்தில் இருக்கும் தென்னைமரத்தை அதேபோலப் பார்த்தால் குதிக்காது. தெருவில் எல்லாம் தூரத்தில் இருக்கின்றன. காருக்குள் ஸ்டியரிங், கியர், கதவு, முன்சீட்டின் தலைப்பகுதி எல்லாமே கைக்கெட்டும் தூரம். இப்போது வரும் இரட்டை லென்ஸ் கேமராக்களில் முன்னால் ஒரு கண், முதுகில் ஒரு கண். ஒவ்வொன்றும் பாதி உலகத்துக்குச் சற்று அதிகமாகப் பார்க்கும். இரண்டு பாதியையும் மென்பொருள் ஒட்டும். ஒட்டுகிற கோட்டில் ஸ்டியரிங் வந்துவிட்டால் போச்சு. வட்டம் இரண்டாக முறிந்து, ஒரு துண்டு மேலே ஒரு துண்டு கீழே நிற்கும். ஆகவே ஒரு லென்ஸ் டாஷ்போர்டையும் மற்றது பின்சீட்டையும் நேராகப் பார்க்கும்படி வைத்து, ஒட்டு இரண்டு பக்கக் கதவுத் தூண்களில் விழும்படி செய்ய வேண்டும்.

இந்தக் குறையை முதன்முதலில் கண்டுபிடித்தது அவன் அப்பாதான் என்பது வேடிக்கை. பையன் எடுத்த படத்தைச் செல்போனில் காட்டியபோது கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "படம் நல்லாருக்குடா. ஆனா இங்க கோர்வை விட்டுப்போச்சே?" என்று கதவோரம் விரலை வைத்தார். உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் நெய்து, சேரும் இடம் தெரியாமல் இழையோடு இழை பூட்டுவதுதான் கோர்வை. அதற்கு மூன்று நாடா வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக்கொடுக்க இன்னொரு ஆள் வேண்டும். அதையே செய்து பழகிய கண்ணுக்கு ஒட்டு தப்புமா?

வெளிச்சம் இன்னொரு தொல்லை. காருக்குள் இருட்டு, கண்ணாடிக்கு வெளியே வெயில். ஒரே படத்தில் இரண்டும் தெரிய வேண்டுமென்றால் வெளிச்ச அளவை மாற்றி மாற்றிச் சில படங்கள் எடுத்துச் சேர்க்க வேண்டும். அதனால் அவன் விடிந்த கையோடு போய்விடுவான். கேமராவை வைத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, காருக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து செல்போனில் அமுக்குவான். நின்றால் கண்ணாடியில் அவன் தெரிவான். விற்பனைக்கு நிற்கும் பல கார்களின் படங்களில், மூலையில் ஒரு தலைமுடி மட்டும் தெரிந்தால் அது அவனுடையது!

காரின் வெளிப்பக்கத்தைச் சுழற்றிக் காட்டும் படம் இதில் சேராது. அது வேறு வகை. அங்கே கேமரா காரைச் சுற்றி வரும், அல்லது தட்டின்மேல் கார் சுழலும். பத்துப் பத்து டிகிரியாக எடுத்தால் 36 படங்கள். பிரகாரம் சுற்றுவது போல அது; கருவறைக்குள் நின்று வெளியே பார்ப்பது போல இது. ஆப்பிள் நிறுவனம் 1995-இல் வெளியிட்ட குவிக்டைம் வி.ஆர். என்ற மென்பொருளிலேயே இரண்டும் இருந்தன. அமெரிக்காவில் டேட்டன் நகரத்து விமானப்படை அருங்காட்சியகம், யாரும் ஏறி உட்கார முடியாத பழைய போர் விமானங்களின் விமானி அறைகளை இப்படி எடுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. நம் ரயில்வே பாரம்பரியத்துக்கும் 2018-இல் கூகுளோடு சேர்ந்து இப்படிப்பட்ட படங்கள் எடுத்தார்கள். அதெல்லாம் பார்ப்பதற்கு. பழைய கார் படம் வாங்குவதற்கு. காசு கைமாறும் இடம் என்பதால் இங்கேதான் பேச்சு சூடாகிறது.

ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970-இல் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்காவில் மோசமான காரை எலுமிச்சை என்பார்கள். கட்டுரையின் பெயரே எலுமிச்சைச் சந்தை. அவர் சொன்னது எளிமையானது. கார் நல்லதா கெட்டதா என்று விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. தெரியாதவன் பயத்தில் நடுத்தர விலைதான் சொல்வான். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவன் விற்க மாட்டான், விலகிவிடுவான். மிச்சம் இருப்பது எலுமிச்சை. அது தெரிந்து வாங்குபவன் இன்னும் விலையைக் குறைப்பான். இப்படியே போனால் சந்தையே சுருங்கிவிடும். மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய இந்தக் கட்டுரையை எழுதியவருக்கு 2001-இல் நோபல் பரிசு கிடைத்தது.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டுச் சேலைக் கடையிலும் இதே கதைதானே? ஜரிகை அசலா போலியா என்று நெய்தவருக்கும் விற்பவருக்கும் தெரியும். கல்யாணத்துக்கு வாங்க வந்தவருக்கு இரண்டும் மினுமினுக்கும். அசல் ஜரிகையில் பட்டு இழைமேல் வெள்ளிக் கம்பி சுற்றி, அதன்மேல் தங்க முலாம். சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரியும். இந்தச் சந்தேகம் தீரத்தான் அரசாங்கம் 1971-இல் காஞ்சிபுரத்திலேயே ஜரிகை நிறுவனம் தொடங்கியது. 2005-இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் வாங்கினார்கள். இத்தனைக்கும் பிறகு அந்த அப்பா சொல்வது ஒன்றுதான்: "சேலையை விரிச்சிக் காட்டினா போதாதுடா. திருப்பிக் காட்டணும்."

2015-இல் தொடங்கிய கார்ஸ்24, ஸ்பின்னி போன்ற நிறுவனங்கள் காரை இணையத்தில் சுற்றிக் காட்டி விற்கத் தொடங்கியபோது, எலுமிச்சைக்கு இதுதான் மருந்து என்று பலர் நினைத்தார்கள். எல்லாப் பக்கமும் தெரிகிறதே, இனி எதை மறைப்பது? ஊரில் உள்ள சின்னச் சின்ன விற்பனையாளர்களுக்கும் அந்த ஆசை வந்தது. அப்படித்தான் இவனுக்கு வேலை கிடைத்தது. காருக்கு 150 ரூபாய்.

ஆனால் முழுச் சுற்றுப் படத்தில் தெரியாத இடம் ஒன்று உண்டு. கேமரா எதன்மேல் உட்கார்ந்திருக்கிறதோ, அந்த இடம்! தெருப் படங்களில் கீழே பார்த்தால் ஒரு கலங்கலான வட்டம் இருக்கும். சில படங்களில் கடையின் பெயர்ப்பலகையை ஒட்டி மறைத்திருப்பார்கள். காருக்குள் கேமராவை முன்சீட்டில் வைத்தால் அந்தச் சீட்டும் அதற்குக் கீழே இருப்பதும் தெரியாது. பழைய கார் வாங்கிப் பழகியவர்களைக் கேளுங்கள், முதலில் கையை விட்டுப் பார்க்கும் இடம் அதுதான் என்பார்கள்.

ஏன்? வெள்ளம். 2015 டிசம்பர் மழையில் சென்னையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் எத்தனையோ கார்கள் மூழ்கின. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் திரும்பவும் மூழ்கின. தேறாது என்று இன்சூரன்ஸ்காரர்கள் கணக்கை முடித்த கார்களில் சில கழுவி, துடைத்து, வாசனை தெளித்துத் திரும்பவும் விற்பனைக்கு வந்துவிடும். ஆர்.சி. புத்தகம் சரியாக இருக்கும். படிவம் 29, 30 எல்லாம் ஒழுங்காகக் கையெழுத்தாகும். தண்ணீர் குடித்த கதை எந்தப் படிவத்திலும் இருக்காது. அது சீட் நகரும் இரும்புத் தண்டவாளத்துத் திருகாணியின் துருவில் இருக்கும். தரைவிரிப்புக்கு அடியில் வண்டலாக இருக்கும். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்தால், வழக்கமாக உள்ளேயே சுருண்டு கிடக்கும் கடைசி முழத்தில் பழுப்புக் கோடாக இருக்கும்.

மிக்ஜாம் வந்து ஆறேழு மாதம் கழித்து ஒரு வெள்ளைக் கார் வந்தது. உள்ளே பளபளப்பு, சீட்டுக்குப் புது உறை. அவன் கேமராவை வைக்கப் போனபோது வாசனை திரவத்துக்குக் கீழே வேறொரு நாற்றம். ஏரி வற்றினால் வருமே, அது. சும்மா பெல்ட்டை இழுத்துப் பார்த்தான். கோடு இருந்தது.

வழக்கமான படத்தை எடுத்தான். பிறகு முன்சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளி, விரிப்பை விலக்கி, கேமராவைத் தரையில் வைத்து இன்னொன்று எடுத்தான். அவிழ்த்துத் தொங்கவிட்ட பெல்ட், துருப்பிடித்த தண்டவாளம், எல்லாம் வந்தது. விற்பனையாளர் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏம்பா, இது எதுக்கு? சீட்டு மேல வெச்சு ஒண்ணு எடுத்தா போதாதா?"

"இல்லண்ணா, தண்ணி போன வண்டி மாதிரி இருக்கு."

"வாங்கறவங்க வந்து பாத்துக்குவாங்க. உனக்கு எதுக்கு? நீ போட்டோ எடுக்க வந்தியா, வண்டி செக் பண்ண வந்தியா?"

நியாயமான கேள்விதான். மாதம் இருபது கார் கொடுக்கிறவர் கேட்கிறார். அவனும் பதில் சொல்லவில்லை.

அன்று ராத்திரி வீட்டில் இரண்டு படத்தையும் அப்பாவிடம் காட்டினான். அவர் இரண்டாவதையே ரொம்ப நேரம் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். யார் வாங்கப்போகிறார்கள் என்று கேட்டார். பக்கத்துத் தெருவில் ஒருவர் விசாரித்திருக்கிறார், வாடகைக்கு ஓட்ட, தறியை விற்ற பணத்தில் என்று பையன் சொன்னான். அப்பா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். ஒன்றும் சொல்லவில்லை. மகன் இரண்டு படத்தையும் ஏற்றினான்.

பக்கத்துத் தெருக்காரர் வரவில்லை. விற்பனையாளர் ஒரு வாரம் அவனைக் கூப்பிடவில்லை. இன்னொருவரை வைத்து எடுத்துப் பார்த்தார். ஸ்டியரிங் முறிந்து வந்தது. அப்புறம் ஒருநாள் செய்யாறிலிருந்து ஒருவர் வந்து, செல்போனைக் காட்டி, "அந்த வெள்ள வண்டிக்குப் போட்ட மாதிரி இந்தச் சிவப்பு வண்டிக்குக் கீழ எடுத்த படம் எங்க?" என்று கேட்டாராம். சிவப்பு வண்டி சுத்தமான வண்டி. இல்லை என்றதும் வந்தவர் சந்தேகப்பட்டுப் பத்தாயிரம் குறைத்துக் கேட்டார். விற்பனையாளர் போன் போட்டார். "காலைல வந்துடு. கீழயும் வெச்சு எடு."

இப்போது ஒவ்வொரு காருக்கும் இரண்டு படம். கூலி அதே 150தான். வெள்ளைக் கார் நான்கு மாதம் வேப்பமரத்தடியில் நின்றது. கடைசியில் ஒரு மெக்கானிக் உதிரிபாகத்துக்காக எடுத்துக்கொண்டு போனார். அந்தக் காருக்கான 150 ரூபாய் மட்டும் அவனுக்கு இன்னும் வரவில்லை.