ககர பாஷை

ஒரு கூட்டத்தார் பிறர் அறியாவண்ணம் தம்முள் வழங்கும் சொல்லைக் குழூஉக்குறி எனத் தகுதி வழக்கினுள் வைத்தனர் நன்னூலார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் வகுப்பில் யாவரும் நெட்டுருச் செய்த உதாரணங்களே. அவை சொல்லுக்குச் சொல்லாக மாற்றுவன. ஒவ்வொன்றையும் மனனஞ் செய்தாலன்றிப் பயன்படா. சிறுவர்தம் மறைமொழியோ சொல்லைத் தொடாது ஒலியை மட்டும் கலைப்பது. விதி ஒன்றை அறிந்தவன் ஒரு நாழிகையிற் பேசக் கற்பான். எம் ஊராகிய திருத்தணியில் யாம் பேசிய ககர பாஷை இவ்வினத்தது. தமிழ்நாட்டின் பிற ஊர்களிலும் தெலுங்கு நாட்டிலும் அது வழங்குவதே.

'நீ வா' என்பது 'கநீ கவா' என்றாகும். இவ்வளவே விதி. ஆயினும் 'க' எதன்முன் வரும் என்று கேட்டால் இலக்கணம் பயின்றாரும் சற்றே தயங்குவர். எழுத்துத்தோறும் என்னலாமோ? 'நான்' என்பதில் எழுத்து இரண்டு. சிறுவன் 'கநான்' என்று ஒரு ககரமே இடுகிறான். மெய்க்குத் தனியே ககரம் இடுவதில்லை. அசைதோறும் என்னலாமோ? யாப்பில் 'மலை' ஒரே நிரையசை. சிறுவனோ 'கம கலை' என இரண்டாக்குகின்றான். ஆகவே அவன் அளவுகோல் எழுத்துமன்று, யாப்பின் அசையுமன்று. ஓர் உயிரும் அதனைச் சார்ந்த ஒற்றும் கூடிய ஒலித்துண்டமாம். இதனை அவனுக்கு எவரும் கற்பித்திலர்.

யாமும் எம் தங்கையும் இதனை முருகன் கோயிற் படிகளிலே பயின்றோம். படிகள் 365, ஆண்டின் நாட்களுக்கு ஒன்றாக. படிக்கொரு ககரம் என்பது ஒப்பந்தம். 'நான்' ஒரு படி. 'மலை' இரண்டு படி. ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் மட்டும் இவ்விளையாட்டு நடவாது. காவடி சுமப்பார் வசவு கேட்க நேரும்.

பிற நாட்டுச் சிறாரும் இங்ஙனமே செய்வர். ஸ்பானிய மொழியில் ஒவ்வொரு துண்டத்தின் பின்னும் பகரத்தை அத்துண்டத்தின் உயிரோடு கூட்டி, 'ஓலா' என்னும் முகமனை 'ஓபோலாபா' என்பர். கமரூன் நாட்டுப் பக்விரி மொழியில் துண்டங்களை இடம் மாற்றுவர். ஆனால் அம்மொழியில் பொருளை வேறுபடுத்தும் குரலின் ஏற்ற இறக்கம் தன் இடத்திலேயே நின்றுவிடுமாம். இதனைக் கண்டே, அவ்வேற்ற இறக்கம் எழுத்தொலியோடு ஒட்டியதன்று, தனித்து நிற்பது என மொழிநூலார் துணிந்தனர்.

எம் வீட்டுக்கு அடுத்த வீட்டார் தெலுங்கர். கிணறு ஒன்று, நடுவே ஒரு குட்டைச் சுவர். 1953 அக்டோபரில் ஆந்திர ராஜ்யம் அமைந்தபோது சித்தூர் ஜில்லாவுடன் திருத்தணியும் அதிற் சேர்ந்தது. ம.பொ.சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைக் கிளர்ச்சியின் சூடு எங்கள் தெருவுக்கும் வந்தது. இரு வீட்டுத் தகப்பன்மாரும் பேச்சை நிறுத்தினர். பிள்ளைகளும் பேசலாகாது என்று உத்தரவாயிற்று. அவ்வீட்டுச் சிறுவனும் யாமும் அப்பொழுது ககர பாஷையையே பற்றினோம். ஓட்டமாகப் பேசினால் அது தமிழா, தெலுங்கா என்பதே பெரியோர்க்கு விளங்காது. பொருளை மறைப்பதினும் மொழியை மறைப்பதே எமக்கு வேண்டியதாயிருந்தது.

ஒரு சொல் மட்டும் காட்டிக்கொடுத்தது. 'அம்மா' என்பதை யாம் 'கஅம் கமா' என்போம். அவனோ தன் 'அம்ம' என்னும் சொல்லைக் 'கஅ கம்ம' என்பான். தமிழெழுத்தில் புள்ளி பெற்ற மகரம் தனியே நிற்கிறது. தெலுங்கெழுத்தில் இரண்டு மகரமும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பிணைந்து ஒரே எழுத்தாகின்றன. பலகையிற் கண்ட எழுத்து நாவிலும் ஏறிவிட்டது போலும். இதுபற்றி யாங்கள் சண்டையிட்டதுண்டு.

ஒரு மழைக்கால இரவில் சுவருக்கு அப்பாலிருந்து, 'கஅ கம்ம ககு கஜ்வ கரம்' என்று குரல் கேட்டது. அவன் தாய்க்குக் காய்ச்சல். தகப்பனார் வெளியூர் சென்றிருந்தார். எம் அன்னையார்க்கு ககர பாஷை தெரியாது. "என்னடா சொல்கிறான்?" என்றார். சொன்னோம். திண்ணையில் அமர்ந்திருந்த எம் தந்தையாரை அவர் ஒரு முறை பார்த்தார், அனுமதி கேட்கவில்லை. கஞ்சியும் சுக்குக் கஷாயமும் கொண்டு சுவரேறாமல் வாயில் வழியே போனார். மூன்று இரவு அங்கேயே தங்கினார். தந்தையார் அம்மூன்று நாளும் ஒன்றும் பேசவில்லை. நான்காம் நாள் அடுத்த வீட்டுத் தகப்பனார் ஊர் திரும்பியதும் இவரே எழுந்து சென்று விசாரித்தார்.

1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை ராஜ்யத்தில் இணைந்தது. அதன்பின் அவ்வீட்டார் நகரிக்குக் குடிபெயர்ந்தனர். அச்சிறுவரும் இன்று எம்மைப் போல் முதியவர். காணுந்தோறும் அவர் 'கம்ம' என்றே பிரிக்கிறார், யாமும் விட்டுக்கொடுப்பதில்லை.